டபுள் டோன்ட் என்றால் டபுள் திக்கா?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் காலை ஐந்தரை மணிக்கு எந்தப் பால் கடையில் போய் நின்றாலும் பாலின் பெயர் காதில் விழாது. கலர்தான் விழும். "அண்ணே, ரெண்டு நீலம்." "ஒரு பச்சை, ஒரு ஆரஞ்சு." "நேத்து நீலம் புளிச்சுப் போச்சுண்ணே, இன்னிக்குப் பார்த்துக் குடுங்க." கடைக்காரரும் டப்பில் கையை விட்டு கலர் பார்த்து எடுத்துப் போடுவார். சில்லறை வாங்கினோமா, பையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனோமா என்று முடிந்துவிடும். ஆவின் பால்பண்ணை அம்பத்தூரிலேயே இருக்கிறது. ஊருக்குள்ளேயே பாக்கெட் ஆகிற பாலுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வெறும் கலர்!

பாக்கெட்டில் பெயர் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கலரிலும் ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று இருக்கிறது. நீலம் என்றால் டோன்ட் மில்க், தமிழில் சமன்படுத்தப்பட்ட பால். பச்சை என்றால் ஸ்டாண்டர்டைஸ்டு மில்க், நிலைப்படுத்தப்பட்ட பால். ஆரஞ்சு ஃபுல் க்ரீம், நிறை கொழுப்புப் பால். எல்லாக் கடையிலும் கிடைக்காத மெஜந்தா டபுள் டோன்ட், இருமுறை சமன்படுத்தப்பட்ட பால்.

இதில் ஆரஞ்சு ஒன்றுதான் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்கிறது. கொழுப்பு நிறைய இருக்கிறது என்று பெயரிலேயே போட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் புதிர். சமன்படுத்தப்பட்ட பால் என்றால் எதோடு சமன்? நிலைப்படுத்தப்பட்ட பால் என்றால் அதற்கு முன்னால் நிலை தடுமாறிக்கொண்டிருந்ததா? தமிழ் புரியவில்லையே, ஆங்கிலத்தைப் பார்ப்போம் என்று போனால் அங்கே இன்னும் கஷ்டம்.

டோன் என்கிற சொல் தெரியாத ஆள் இப்போது கிடையாது. செல்போனில் ரிங்டோன். ஜெராக்ஸ் கடையில் டோனர் தீர்ந்துவிட்டால் பரீட்சை நேரத்தில் கடைக்காரர் கையை விரிப்பார். பியூட்டி பார்லரில் முகத்துக்கு ஸ்கின் டோனர். ஆவடியில் மாடிக்கு மாடி ஜிம் இருக்கிறது, அங்கே போனால் பாடி டோனிங். இந்த ஜிம் டோனிங்தான் பெரிய வில்லன். டோன் பண்ணினால் உடம்பு முறுக்கேறும், கெட்டிப்படும் என்று மனசில் பதிந்துபோகிறது. அதே சொல்லைப் பால் பாக்கெட்டில் பார்த்தால் என்ன தோன்றும்? முறுக்கேறிய பால், கெட்டிப் பால் என்றுதானே?

பொருள் அப்படியே தலைகீழ். ஆங்கிலத்தில் டோன் டவுன் என்று ஒரு பிரயோகம் உண்டு. சத்தமாகப் பேசுகிறவனிடம் குரலைக் குறை என்பார்கள், கண்ணைப் பறிக்கிற கலரைக் கொஞ்சம் தணி என்பார்கள், அந்தக் 'குறை', 'தணி' எல்லாம் இந்தச் சொல்தான். பால் பாக்கெட்டில் இருக்கும் டோன்டுக்கும் அந்தப் பொருளை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கொழுப்பைத் தணித்த பால். அவ்வளவுதான்.

அப்படியானால் டபுள் டோன்ட்? இன்னும் ஒரு படி தணித்த பால். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், மெஜந்தாவில் அதில் பாதி, 1.5 சதவீதம். ஆனால் நம்ம ஊரில் 'டபுள்' என்றால் என்ன? டபுள் ஆம்லெட், டபுள் ஸ்ட்ராங் டீ, டபுள் சம்பளம். டபுள் என்றாலே ஜாஸ்தி. டபுள் போட்டு எதையாவது குறைத்ததாகச் சரித்திரமே இல்லை!

இது வெறும் தமாஷ் இல்லை. பாடி பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைக் கேட்டால் தெரியும்.

அந்த வீட்டு ஐயாவுக்கு எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று போய், ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு ஏறியிருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சீட்டின் அடியில் எண்ணெய் குறைக்க வேண்டும், முட்டை மஞ்சள் கரு வேண்டாம், பால் டபுள் டோன்ட் மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு கோடும் போட்டுக் கொடுத்துவிட்டார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். விளக்கம் சொல்ல அவருக்கும் நேரமில்லை, கேட்க இவர்களுக்கும் தைரியமில்லை.

மறுநாள் காலை வீட்டம்மா கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, இவருக்கு டபுள் டோன்ட் பால்தான் குடுக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. இருக்கா?"

"டபுளா? அப்ப ஆரஞ்சு எடுத்துட்டுப் போங்கம்மா. அதான் நல்லா திக்கா இருக்கும்."

அண்ணாச்சியைக் குறை சொல்ல முடியாது. டபுள் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். அதுவரை அந்த வீட்டில் நீலம்தான். உடம்பு சரியில்லாத மனுஷனுக்கு நல்ல பாலாகவே கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று அந்த அம்மா நம்பினார். விலை கூட என்று தெரிந்தே வாங்கினார். காலையில் காபி, சாயங்காலம் டீ, ராத்திரி மஞ்சள் தூள் போட்டு ஒரு டம்ளர். தான் குடிக்காமல் அவருக்கென்று தனியாக எடுத்து வைத்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டர். இப்படி மூன்று வாரம்.

பத்தாவது படிக்கிற மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உணவுப் பொருள் கவர்களைச் சேகரித்து நோட்டில் ஒட்டி, என்னென்ன எழுதியிருக்கிறது என்று எழுதி வரச் சொன்னார்கள். பிஸ்கட் கவர், நூடுல்ஸ் கவரோடு பால் கவரையும் கழுவிக் காய வைத்து ஒட்டினாள்.

"அம்மா, அப்பாவுக்கு டபுள் டோன்ட்தானே வாங்குற? இதுல அப்படி எங்கயுமே போடலையே?"

"பின்ன என்னடி போட்டிருக்கு?"

"ஃபுல் க்ரீம்னு போட்டிருக்கும்மா. கொழுப்பு ஆறு."

"ஐயையோ... அவருக்கு ஆகாதுன்னு சொன்னதே கொழுப்புதானடி!"

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பி.காம். படிக்கிறவர்களுக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி? அரை லிட்டர் பாலை சுமாராக 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆரஞ்சில் 6 சதவீதம், அதாவது 30 கிராம் கொழுப்பு. பழையபடி நீலத்தையே குடித்திருந்தால் 15 கிராம். டாக்டர் எழுதிய மெஜந்தா என்றால் ஏழரை கிராம். எழுதியதற்கும் குடித்ததற்கும் வித்தியாசம் தினமும் இருபத்திரண்டரை கிராம். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் ஐந்து கிராம் என்று வைத்தால், நாலரை டீஸ்பூன் நெய்யைத் தினமும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்த மாதிரி. அதுவும் பாலில் இருக்கும் கொழுப்பில் பாதிக்கு மேல் செறிவுற்ற கொழுப்பு வகை, டாக்டர்கள் குறைக்கச் சொல்வதே அதைத்தான். நல்லவேளை, மூன்று வாரத்தோடு போயிற்று. அந்த ஐயா இப்போது மெஜந்தா குடிக்கிறார். ருசியே இல்லை, தண்ணி மாதிரி இருக்கிறது என்ற புலம்பல் தனி.

சரி, யார் இந்தப் பெயரை வைத்தது? வெள்ளைக்காரன் வைத்திருப்பான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், டோன்ட் மில்க் என்பது இந்தியாவிலேயே பிறந்த சரக்கு. பம்பாயில் பால் கமிஷனராக இருந்த தாரா குரோடி என்ற பார்சிக்காரர்தான் இதைக் கொண்டுவந்தவர். 1946-ல் பம்பாயில் ஆரம்பித்தது, பிறகு கல்கத்தா, மதராஸ், டில்லி என்று பரவியது. 1963-ல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் இருவரோடும் சேர்த்து குரோடிக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். (குரியனுக்கும் குரோடிக்கும் ஏழாம் பொருத்தம். குரியன் எழுதிய சுயசரிதையைப் படித்தால் தெரியும். ஒரே மேடை விருது, ரெண்டு பேருக்கும் எப்படி இருந்திருக்கும்!)

அன்றைய பிரச்சினை இதுதான். பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தது பெரும்பாலும் எருமைப் பால். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் என்று அதிகம். விலையும் அதிகம். பாலோ ஊருக்குப் போதவில்லை. ஏழை வீட்டுக் குழந்தைக்கு எட்டாத விலை. அப்போது வெளிநாட்டிலிருந்து கொழுப்பு நீக்கிய பால் பவுடர் மலிவாக வந்தது. குரோடி போட்ட கணக்கு ரொம்ப எளிது.

100 கிலோ எருமைப் பால் இருக்கிறது. கொழுப்பு 6 கிலோ. கொழுப்பு தவிர்த்த மற்ற திடச் சத்து 9 கிலோ. இதில் கொழுப்பை 3 சதவீதமாக்க வேண்டுமென்றால் மொத்தப் பாலை 200 கிலோ ஆக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றினால் திடச் சத்து நாலரை சதவீதமாக விழுந்துவிடும். அது கலப்படம். அதனால் எட்டு கிலோ சொச்சம் பால் பவுடரைச் சேர்த்து, மீதிக்கு, அதாவது தொண்ணூறு கிலோவுக்கு மேல், தண்ணீர் சேர்க்க வேண்டும். முடிவில் 200 கிலோ பால். கொழுப்பு 3 சதவீதம், மற்ற சத்து எட்டரை சதவீதம். நூறு பேர் குடிக்கிற பாலை இருநூறு பேர் குடிக்கலாம், விலையும் இறங்கும்.

ஆமாம், தண்ணீர் சேர்த்த பால்தான்! நீலப் பாக்கெட்டைப் பற்றி ஊரில் சொல்கிற குறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் பால்காரர் சொம்பில் ஊற்றுகிற தண்ணீருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த எட்டு கிலோ பவுடர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் வருவது பெரும்பாலும் பசும்பால், அதில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம்தான். அதனால் குரோடி செய்தது போல அப்படியே செய்ய வேண்டியதில்லை. மெஷினில் சுற்றி க்ரீமைப் பிரித்து, வேண்டிய அளவுக்குக் கொழுப்பை வைத்துக்கொண்டால் போதும். வரத்து குறைகிற காலத்தில் பவுடர் கை கொடுக்கும்.

பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு இது பழகிய இடம். ஆப்டிட்யூட் புத்தகத்தில் ஒரு பால்காரர் இருபது வருஷமாகப் பாலில் தண்ணீர் கலந்துகொண்டே இருக்கிறாரே, அந்த அலிகேஷன் கணக்குதான். பால்பண்ணையில் அதைச் சதுரமாக வரைந்து பியர்சன் சதுரம் என்பார்கள். நாலு சதவீதப் பாலையும் நாற்பது சதவீத க்ரீமையும் எந்த விகிதத்தில் கலந்தால் ஆறு சதவீதம் வரும்? போட்டுப் பாருங்கள். (விடை 17-க்கு 1.)

இன்னொரு அழகும் இருக்கிறது, இது நம்ம சப்ஜெக்ட். நாலு சதவீதமாக வந்த பசும்பாலில் ஒரு பகுதியை மூன்றாக இறக்கினால் எடுத்த கொழுப்பு எங்கே போகும்? ஆரஞ்சுக்குப் போகும். வெண்ணெய்க்கும் நெய்க்கும் ஐஸ்க்ரீமுக்கும் போகும். நீலத்தில் கிரெடிட் ஆனது ஆரஞ்சில் டெபிட் ஆகும். சுத்தமான டபுள் என்ட்ரி. காலையில் நீலம் வாங்கிப் போகிற வீட்டின் கொழுப்புதான் தீபாவளிக்கு நெய் டப்பாவாகத் தனி விலையில் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

மேலே 'கொழுப்பு தவிர்த்த மற்ற திடச் சத்து' என்று வந்தது. பாக்கெட்டில் அதை எஸ்.என்.எஃப். என்று மூன்று எழுத்தில் போட்டிருப்பார்கள். டோன்ட் என்பதைவிட முக்கியமான சொல் இது. ஆனால் இதை ஒருத்தரும் கவனிப்பதில்லை. பாலிலிருந்து தண்ணீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது எல்லாம் எஸ்.என்.எஃப். புரதம், பால் சர்க்கரையான லாக்டோஸ், கால்சியம் முதலான தாது உப்புகள். பாலை எதற்காகக் குழந்தைக்குக் கொடுக்கிறார்களோ அதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இப்போது சட்டம் சொல்கிற எண்களைப் பாருங்கள். நீலம்: கொழுப்பு 3, எஸ்.என்.எஃப். 8.5. பச்சை: கொழுப்பு 4.5, எஸ்.என்.எஃப். அதே 8.5. ஆரஞ்சு: 6, 9. மெஜந்தா: 1.5, 9. எல்லாம் குறைந்தபட்ச அளவு. நீலத்துக்கும் பச்சைக்கும் புரதத்திலும் கால்சியத்திலும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் கிடையாது. தண்ணி மாதிரி இருக்கிறது என்று அந்த ஐயா திட்டுகிற மெஜந்தாவில் எஸ்.என்.எஃப். ஆரஞ்சுக்குச் சமம்!

அம்பத்தூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் பக்கத்து வீடுகளில் நீலம் வாங்குகிறவர்களிடம் ஒரு கூச்சம் இருக்கும். விருந்தாளி வந்தால் பச்சையோ ஆரஞ்சோ வாங்கி வரச் சொல்லிப் பையனை விரட்டுவார்கள். குழந்தைக்கு நல்ல பால் கொடுக்க முடியவில்லையே என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே நீலம் வாங்குகிற தாய்மார்கள் எத்தனையோ பேர். பூந்தமல்லியைத் தாண்டினால் மாடு வைத்திருப்பவர்களிடம் கறந்த பால் கிடைக்கும், அது வாங்கினால்தான் கௌரவம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் புரதமும் கால்சியமும்தான் கவலை என்றால் நீலம் ஒன்றும் மட்டமில்லை என்று அவர்களிடம் யாராவது ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பாக்கெட்டிலேயே சொல்லியிருக்கலாம். (ரெண்டு வயசுக்குள் இருக்கும் குழந்தை வேறு கணக்கு. அதற்குக் கொழுப்பு தேவை, டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.)

குறைவது எது என்றால் சக்தி. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி, புரதத்துக்கும் சர்க்கரைக்கும் 4. நீலப் பால் 100 மில்லியில் கொழுப்பால் 27, மற்றதால் சுமார் 31, ஆக 58 கலோரி. பச்சை சுமார் 72. ஆரஞ்சு 87. பட்டறையில் நாள் முழுக்க நிற்கிற இளவட்டத்துக்கு ஆரஞ்சு தப்பில்லை. இன்னொன்றும் குறையும். ஏ, டி வைட்டமின்கள் கொழுப்பில் கரைகிறவை, க்ரீமை எடுத்தால் கூடவே போய்விடும். அதை ஈடுகட்டத்தான் பாலில் வைட்டமின் ஏ, டி சேர்த்து விற்கிறார்கள். அப்படிச் சேர்த்திருந்தால் கவரில் எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் போட்ட நீல முத்திரை இருக்கும்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டபுள் டோன்டில் குறைவது கொழுப்பு மட்டும்தான். லாக்டோஸ் எஸ்.என்.எஃப். கட்சியைச் சேர்ந்தது. அது அப்படியே இருக்கும், 9 சதவீதம் என்பதால் நீலத்தைவிட ஒரு துளி கூடவே இருக்கலாம். டயட் பால்தானே என்று மூன்று டம்ளர் குடித்தால் கணக்கு உதைக்கும்.

பாட்டிமார்களுக்கு இந்த எண்களெல்லாம் இல்லாமலே பாலைக் கண்டுபிடிக்கத் தெரியும். காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஆடை எவ்வளவு கனமாகப் படிகிறது என்று பார்ப்பார்கள். ஆடை கட்டினால் நல்ல பால், இல்லாவிட்டால் பால்காரருக்கு அர்ச்சனை. ஆனால் கொழுப்புத் துளிகளை மெஷினில் உடைத்துப் பொடியாக்கிய ஹோமோஜினைஸ்டு பாலில் இந்தச் சோதனை செல்லாது. கொழுப்பு மிதந்து மேலே வராது, ஆடையும் மெலிசாகத்தான் இருக்கும். அடுத்து வந்தது லாக்டோமீட்டர். அதையும் ஏமாற்ற வழி இருந்தது. கொழுப்பு லேசானது என்பதால் க்ரீமை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். ரெண்டையும் அளவாகச் செய்தால் கருவி நல்ல பால் என்று சத்தியம் பண்ணும்! அதனால்தான் கொழுப்பைத் தனியாக, எஸ்.என்.எஃப்.-ஐத் தனியாக அளக்கும் முறை வந்தது. கந்தக அமிலத்தை ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்துப் பார்க்கும் கெர்பர் சோதனை சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவருடையது, 1890-களில் வந்தது. இன்றைக்குக் கிராமத்துச் சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்கும் இந்த ரெண்டு எண்ணையும் வைத்துத்தான் காசு.

பாருங்கள், மாடு வைத்திருப்பவருக்கு 'ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு' என்று நன்றாகத் தெரியும். ஒரு புள்ளி குறைந்தால் காசு குறையும் என்பதால் சண்டை போட்டாவது தெரிந்துகொள்வார். அதே பாலைக் காசு கொடுத்து வாங்குகிற அம்பத்தூர்க்காரருக்குத் தெரிந்தது நீலமும் பச்சையும்.

இந்தச் சொல்லை வெளிநாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் கடைக்குப் போய் டோன்ட் மில்க் கேட்டால் முழிப்பார்கள். அங்கே ஹோல் மில்க், டூ பர்சென்ட், ஒன் பர்சென்ட், ஸ்கிம். எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள், புத்திசாலிகள். அங்கே முழுப் பால் என்று விற்பதற்குச் சட்டம் கேட்கும் கொழுப்பு 3.25 சதவீதம்தான். அம்பத்தூரில் மட்டமான பால் என்று கூச்சப்பட்டு வாங்குகிற நீலம், அமெரிக்காவில் கிட்டத்தட்ட முழுப் பால்! இங்கிலாந்தில் செமி ஸ்கிம்டு என்றால் ஏறக்குறைய நம்ம மெஜந்தா. ஆரஞ்சைப் பார்த்தால் அவர்கள் மயக்கம் போட்டுவிடுவார்கள்.

கலரை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் என்ன கஷ்டம் வரும் என்பதை 2023 நவம்பர் காட்டியது. பச்சை பாக்கெட்டை நிறுத்திவிட்டு, டிலைட் என்று ஊதா நிறப் பாக்கெட்டை ஆவின் கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பசும்பால், வைட்டமின் ஏ, டி சேர்த்தது, விலை பச்சையின் அதே லிட்டர் 44 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணைப் பார்த்தால் கொழுப்பு 4.5 இருந்த இடத்தில் 3.5. மறைமுக விலை உயர்வு என்று எதிர்ப்பு கிளம்பியது. உடம்புக்கு 3.5 போதும், அதிகக் கொழுப்பு தேவையில்லை என்பது ஒரு வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் காசு வேறு கணக்கு. லிட்டருக்கு 10 கிராம் கொழுப்பு குறைகிறது. நெய் கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 6 ரூபாய். குறைந்த கொழுப்பு உடம்புக்கு நல்லதென்றால் அதைக் குறைந்த விலைக்கும் கொடுக்கலாமே? நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே ஒன்றரை சதவீதத்துக்கு லிட்டருக்கு 4 ரூபாய் வித்தியாசம் வைத்தவர்களே அவர்கள்தானே? இந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. ஆனால் பச்சையும் முழுசாகப் போய்விடவில்லை.

அதற்கு முந்தின வருஷம், 2022 நவம்பரில், ஆரஞ்சு லிட்டருக்கு 48-லிருந்து 60 ரூபாய் ஆனபோது எல்லாருக்கும் தெரிந்தது. பால் அட்டை வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், அவர்களுக்கு 46. விலை ஏறினால் பர்ஸ் சொல்லிவிடும். கொழுப்பு இறங்கினால் எது சொல்லும்?

2024 டிசம்பரில் வந்தது அடுத்தது. கிரீன் மேஜிக் பிளஸ். கலர் பச்சைதான், பெயரில் ஒரு பிளஸ். கொழுப்பு பச்சையில் இருந்த அதே 4.5, எஸ்.என்.எஃப். 9, வைட்டமின் ஏ, டி சேர்த்தது. விலை 25 ரூபாய். அரை லிட்டர் பச்சை 22 ரூபாய், இது மூன்று ரூபாய்தானே கூட என்று தோன்றும். ஆனால் இது அரை லிட்டர் இல்லை, 450 மில்லி. லிட்டருக்குக் கணக்கு போட்டால் 55 ரூபாய் 55 பைசா. பழைய பச்சையைவிட லிட்டருக்குப் பதினோரு ரூபாய்க்கு மேல் கூடுதல். கிடைத்தது எஸ்.என்.எஃப்.-ல் அரை சதவீதம், அதாவது லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் வைட்டமின். பழைய பச்சையை நிறுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

பாடி அண்ணாச்சி கடையில் இப்போது ஆங்கில மருந்துச் சீட்டோடு யாராவது வந்தால், "டபுளா, சிங்கிளா, கவர்ல கொழுப்பு எத்தனை போட்டிருக்குன்னு பார்த்து எடுத்துக்கங்கம்மா" என்கிறார். மெஜந்தா வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.